பழைய கேசட் ஸ்டீரியோவுக்கு ஆக்ஸ் உள்ளீடு: எந்த இடத்தில் இணைப்பது?

எண்பதுகளில் வெளிவந்த ரேடியோ கேசட் ஸ்டீரியோ ஒன்று: மேலே கைப்பிடி, முன்னே இரண்டு ஸ்பீக்கர், நடுவில் கேசட் அறை. ரேடியோ பாடுகிறது, கேசட்டும் ஓடுகிறது. வெளியிலிருந்து ஒலியைக் கொடுக்கும் துளைதான், அதாவது ஆக்ஸ் உள்ளீடுதான், இல்லை. இதில் கைப்பேசியை இணைத்துப் பாட்டுக் கேட்க வேண்டும். ஹெட்ஃபோன் துளையிலோ மைக் துளையிலோ செருகினால் போதுமா, பெட்டியைத் திறந்து சாலிடர் செய்ய வேண்டுமா, செய்தால் எந்த இடத்தில் என்பது கேள்வி.

ஹெட்ஃபோன் துளை ஒலி வெளியே வரும் வழி. அதில் கைப்பேசியைச் செருகினால் பெட்டியின் பவர் ஆம்ப்ளிஃபயர் ஒரு முனையிலிருந்தும், கைப்பேசியின் சிறிய ஆம்ப்ளிஃபயர் மறுமுனையிலிருந்தும் ஒரே கம்பியில் முட்டிக்கொள்ளும். பாட்டு வராது, வால்யூம் கூட்டியிருந்தால் கேடு கைப்பேசிக்குத்தான். மைக் துளை உள்ளே போகும் வழிதான், ஆனால் அது ஒரு மில்லிவோல்ட் அளவிலான சிக்னலுக்காக அமைக்கப்பட்டது. கைப்பேசி தருவதோ அதைப்போல் பல நூறு மடங்கு. போதாக்குறைக்கு, பெரும்பாலான பெட்டிகளில் பதிவுப் பொத்தானை அழுத்தினால்தான் மைக் துளைக்கே உயிர் வரும். ஆகவே இரண்டும் வேண்டாம். திறந்துதான் ஆக வேண்டும். சாலிடர் வேலை மொத்தமும் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்; நேரம் பிடிப்பது சரியான இடத்தைத் தேடுவதில். அதனால் அந்தத் தேடலைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

அதற்கும் முன் பெட்டியின் பின்பக்கத்தையும் பக்கவாட்டையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ‘லைன் இன்’ என்று எழுதிய துளைகள் தூசிக்கு அடியில் காத்திருக்க, அதைக் கவனிக்காமல் ஸ்குரூடிரைவரை எடுத்தவர்கள் உண்டு. ஐந்து கால்கள் கொண்ட வட்டமான டின் (DIN) சாக்கெட் இருந்தால் அதிலும் ஓர் உள்ளீடு இருக்கும்: ரெக்கார்டரின் சாக்கெட்டில் 1, 4 உள்ளீடு, 3, 5 வெளியீடு, 2 கிரவுண்ட் (சிக்னலின் பொது முனை). ஆனால் அந்த உள்ளீடு சில மில்லிவோல்ட்டுக்குப் பழகியது. ஒவ்வொரு சானலிலும் 470 கிலோ ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்தால்தான் ஒலி சிதையாது. அப்போதும் பல பெட்டிகள் பதிவு நிலையில்தான் அதை ஏற்கும் என்பதால் பாட்டுக் கேட்க அது வசதியான வழி அல்ல. இசைத்தட்டுக் கருவிக்கான, ‘ஃபோனோ’ என்று எழுதிய துளையில் இன்னொரு சிக்கல். காந்த வகை ஊசிக்கான ஃபோனோ உள்ளீடு 3 முதல் 5 மில்லிவோல்ட்டை எதிர்பார்ப்பதோடு நிற்காமல், ஒலியின் அடிப்பகுதியைத் தூக்கி மேல்பகுதியை அமுக்கவும் செய்யும். 1 கிலோஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் இரு ஓரங்களிலும் ஏறத்தாழ 20 டெசிபெல் வித்தியாசம். கைப்பேசியைச் செருகினால் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கும். பெட்டியில் லைன், ஃபோனோ இரண்டுக்கும் இடையே மாற்றும் சிறு சுவிட்ச் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. லைனுக்குத் தள்ளிவிட்டு மேற்கொண்டு படிக்காமல் பாட்டுக் கேட்கலாம்.

கேசட் வடிவில் வரும் அடாப்டரையும் ஒதுக்கிவிட வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் சின்னக் காந்தச் சுருள் பெட்டியின் கேசட் ஹெட்டோடு நேருக்கு நேர் நின்று சிக்னலைக் கடத்துகிறது. பெட்டியில் ஒரு கீறல்கூட விழாது. குறை என்னவென்றால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பெல்ட் தேயும், அடாப்டரின் பல்சக்கரச் சத்தம் மெல்லிய இசையின் நடுவே தெரியும், ஆட்டோ ரிவர்ஸ் உள்ள பெட்டிகளில் சில அடாப்டர்கள் தாமாகப் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். சேகரிப்பாளர்கள் தேடும் அரிய மாடல் என்றால் இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொண்டு அடாப்டரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பேன். எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் என் கணக்கில் கடைசி வழி. இரைச்சலும் பக்கத்து நிலையங்களின் குறுக்கீடும் அதோடு சேர்ந்தே வரும்.

சரி, திறக்கப் போகிறீர்கள். மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். வேலை முடியும்வரை அது திரும்பப் போகக்கூடாது. சோதனைகள் எல்லாம் பேட்டரியில் நடக்கட்டும். இந்தப் பெட்டிகளின் உள்ளே டிரான்ஸ்ஃபார்மருக்குப் பிறகு இருப்பது பெரும்பாலும் 15 வோல்ட்டுக்குள் அடங்கும் டிசி. அது உங்களை ஒன்றும் செய்யாது. டிரான்ஸ்ஃபார்மரின் முதல் பக்கமும் 110, 220 வோல்ட் தேர்வுச் சுவிட்சும் அப்படி அல்ல. மின்கம்பி செருகியிருந்தால் பெட்டி அணைந்திருந்தாலும் அங்கே முழு மின்னழுத்தம் இருக்கலாம். இன்னொன்று: டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் வீட்டு மின்சாரத்தை நேரடியாகச் சேசிஸில் ஏற்றும் பழைய வால்வு ரேடியோக்கள் உண்டு. இந்தப் பதில் அவற்றுக்குப் பொருந்தாது. அவற்றில் ஆக்ஸ் துளை வைப்பது உயிரோடு விளையாடுவது.

ஸ்குரூக்கள் பின்பக்கம் மட்டுமன்றிப் பேட்டரி அறைக்குள்ளும், கைப்பிடியின் அடியிலும், ஆன்டெனாவின் மூட்டிலும் ஒளிந்திருக்கும். வெவ்வேறு நீளத்தில் இருக்கும். எது எங்கிருந்து வந்தது என்று குறித்துவையுங்கள். நீளமானதைத் தவறான துளையில் முறுக்கினால் முன்பக்கப் பிளாஸ்டிக்கில் முனை எட்டிப்பார்க்கும். ஸ்பீக்கர் வயர்கள் முன்பாதியையும் பின்பாதியையும் பிணைத்திருக்கும் என்பதால் வெடுக்கென்று பிரிக்க வேண்டாம். ட்யூனிங் நூலை எந்தக் காரணத்துக்காகவும் தொட வேண்டாம். அது கழன்றால் மறுபடி கோப்பது ஆக்ஸ் வேலையைவிடப் பெரிய வேலை.

இப்போது சிக்னல் போகும் பாதை. கேசட் ஹெட் தருவது ஒரு மில்லிவோல்ட்டின் சில பத்தில் ஒரு பங்கு. அதை ஒரு பிரீ ஆம்ப் (முதல்கட்ட ஆம்ப்ளிஃபயர்) ஐசி பெரிதாக்குகிறது. கூடவே டேப்புக்கே உரிய சமனாக்கத்தையும் (ஈக்வலைசேஷன், அதாவது அதிர்வெண்களின் அளவைச் சரிசெய்வது) செய்கிறது, சாதாரண டேப்புக்கு 120 மைக்ரோ செகண்ட், குரோம் டேப்புக்கு 70. எஃப்எம் ட்யூனர் பக்கத்தில் ஸ்டீரியோ டீகோடர் ஐசி இடது, வலது என்று பிரித்துத் தருகிறது. அதன் வெளியீடு நூறு மில்லிவோல்ட் ஒட்டி இருக்கும். பிரீ ஆம்ப்பைக் கடந்த டேப் சிக்னலும் ட்யூனர் சிக்னலும் ஏறத்தாழ ஒரே அளவில், ரேடியோவா டேப்பா என்று தேர்வுசெய்யும் செலக்டர் சுவிட்சில் சந்திக்கின்றன. அங்கிருந்து டோன், பேலன்ஸ், வால்யூம் வழியாகப் பவர் ஐசிக்கு. எல்ஏ4440, டிஏ7240, ஏஎன்7145 போன்ற எண்கள் தகட்டோடு ஒட்டிய ஐசியில் தெரிந்தால் அதுதான் கடைசிக் கட்டம். (முன்பக்கம் நூற்றுக்கணக்கான வாட் என்று ஒட்டியிருக்கும் எழுத்துகளை மறந்துவிடுங்கள். 9 வோல்ட்டில் ஓடும் சாதாரணப் பவர் கட்டம் 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சானலில் 2 வாட் கொடுத்தாலே பெரிது.)

இந்தப் பாதையில் கைப்பேசியின் சிக்னலுக்குப் பொருத்தமான இடம் பிரீ ஆம்ப்புக்குப் பின், வால்யூமுக்கு முன். பிரீ ஆம்ப்புக்கு முன் கொடுத்தால், அதாவது ஹெட் வயரில் சேர்த்தால், மிதமிஞ்சிய பெருக்கமும் டேப் சமனாக்கமும் சேர்ந்து ஒலியைப் பாழாக்கும். வால்யூமுக்குப் பின் கொடுத்தால் குமிழைத் திருப்பினாலும் ஒலி குறையாது. இதுவரை பலரும் சொல்வதுதான். நான் இன்னும் குறிப்பாகச் சொல்வேன்: செலக்டர் சுவிட்சில் ரேடியோவுக்கு உள்ள முனையைப் பிடியுங்கள். ஆக்ஸைப் புதிய விருந்தாளியாகச் சேர்க்காமல், தேவைப்படும்போது ரேடியோவின் இடத்தில் உட்கார வையுங்கள்.

காரணம் டேப் நிலையின் ஒரு குணம். பெரும்பாலான பெட்டிகளில் சுவிட்ச் ‘டேப்’ பக்கம் இருக்கும்போது மின்சாரம் பிளே பொத்தானின் அடியில் உள்ள தகட்டுச் சுவிட்ச் வழியாகத்தான் வரும். பொத்தானை அழுத்தாவிட்டால் பவர் ஐசிக்கே உயிரில்லை. அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது.  இதைச் சரிக்கட்ட மோட்டார் வயரில் இன்னொரு சுவிட்ச், தகட்டுச் சுவிட்சுக்கு மாற்றுவழி என்று வேலை கிளைவிட்டுக்கொண்டே போகும். ரேடியோ நிலையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆம்ப்ளிஃபயர் விழித்திருக்கிறது, மோட்டார் தூங்குகிறது, டோனும் பேலன்ஸும் வேலை செய்கின்றன. ட்யூனர் பின்னால் சத்தமின்றி ஓடிக்கொண்டிருக்கும். அது இழுக்கும் மின்சாரம் ஸ்பீக்கர் இழுப்பதன் முன் பொருட்டல்ல.

இடத்தைக் கண்டுபிடிக்க வால்யூம் கண்ட்ரோலிலிருந்து பின்னோக்கி நடப்பது எளிது. பெட்டியை அணைத்து மல்டிமீட்டரை ஓம் நிலையில் வையுங்கள். ஸ்டீரியோ கண்ட்ரோலில் ஒரு சானலுக்கு மூன்று வீதம் ஆறு கால்கள் இருக்கும். பேட்டரியின் எதிர்முனையோடு எப்போதும் சுழியம் காட்டும் கால் கிரவுண்ட். வால்யூமை முழுக்கக் குறைத்தால் கிரவுண்டோடு சேரும் கால் நடுக்கால். முழுக்கக் கூட்டினால் அந்த நடுக்கால் எதனோடு சேர்கிறதோ அதுதான் சிக்னல் நுழையும் கால். எட்டுக் கால்கள் இருந்தால் பயப்பட வேண்டாம். கூடுதல் இரண்டும் லவுட்னஸுக்கானவை, அதாவது குறைந்த ஒலியில் பேஸைத் தூக்கிக் கொடுப்பதற்கு. மிகப் பழைய, ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் காலத்துச் செட்டுகளில் பேட்டரியின் நேர்முனைதான் கிரவுண்டாக இருக்கும். அங்கே இந்தச் சோதனையை நேர்முனையை வைத்துச் செய்ய வேண்டும்.

அடுத்து ரேடியோவைப் போட்டு அதே கால்களில் டிசி வோல்ட்டை அளந்து பாருங்கள். சுழியம் ஒட்டி இருந்தால் சரி. குமிழைத் திருப்பத் திருப்ப நடுக்காலில் சில வோல்ட் ஏறி இறங்கினால், அது ஒலி போகும் வால்யூம் கண்ட்ரோலே அல்ல. ஒரு ஐசிக்குக் கட்டளை மின்னழுத்தம் அனுப்பும் வகை. எண்பதுகளின் பிற்பகுதிக்குப் பிறகு வந்த செட்டுகளில் இதைக் காணலாம். அதில் எதையும் இணைக்காமல் நேராகச் செலக்டருக்குப் போய்விடுங்கள்.

காகிதத்தில் படித்துக் கண்டுபிடிப்பதைவிடக் காதால் கண்டுபிடிப்பது வேகம். அதற்கு ஒரு தேடுகம்பி செய்துகொள்ளுங்கள். கைப்பேசியிலிருந்து வரும் ஆடியோ கேபிளின் ஒரு சானலில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் பின் 1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், அதன் முனையில் ஒரு ஊசி. கேபிளின் கிரவுண்டை முதலைக் கவ்வியால் ட்யூனரின் உலோக உறையில் கவ்வுங்கள். ரேடியோவை நிலையமில்லாத இடத்தில் வைத்து, கைப்பேசியில் மெல்லப் பாட்டை ஓடவிட்டு, வால்யூமின் நுழைவுக் காலை ஊசியால் தொடுங்கள். ஒரு ஸ்பீக்கரில் பாட்டு வரும். அங்கிருந்து பாதையைப் பின்தொடர்ந்து ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே செலக்டர் சுவிட்சுக்கு வாருங்கள். சுவிட்சின் பொதுக்காலைத் தொட்டால் ரேடியோ, டேப் இரண்டு நிலையிலும் ஊசியின் பாட்டு கேட்கும். ரேடியோக் காலைத் தொட்டால் ரேடியோ நிலையில் மட்டும். (டேப் நிலையைச் சோதிக்கும்போது பிளே பொத்தானை அழுத்த மறக்க வேண்டாம்.) இப்படி இரண்டு சானலுக்கும் ரேடியோக் கால்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சுவிட்ச் என்றால் இந்த நேரத்திலேயே அதற்குக் கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்துப் பலமுறை முன்னும் பின்னும் தள்ளிவிடுங்கள். ஒரு சானல் வரவில்லை என்று பின்னால் தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது குற்றவாளி பெரும்பாலும் உங்கள் சாலிடர் அல்ல, கறுத்துப்போன இந்தச் சுவிட்ச்தான்.

ரேடியோக் காலிலிருந்து இன்னும் பின்னே போனால் ஒரு சிறிய எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரோ ஒரு ரெசிஸ்டரோ வரும். அதற்கு அப்பால் டீகோடர் ஐசி. ஐசியின் வெளியீட்டுக் காலிலேயே ஆக்ஸைச் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. அந்தக் காலில் எஃப்எம்மின் டீ எம்ஃபசிஸ் கெபாசிட்டர் கிரவுண்டுக்கு இணைக்கப்பட்டிருக்கும், 15 நானோ ஃபாரட் போன்ற அளவில். அது 50 அல்லது 75 மைக்ரோ செகண்ட் கணக்குப்படி ரேடியோவின் உயர் அதிர்வெண்களைக் குறைப்பதற்காக வைக்கப்பட்டது. உங்கள் பாட்டிலும் அதே பகுதியைத் தின்றுவிடும். ஆக்ஸ் இணைத்த பிறகு ஒலி மந்தமாக, மேல்பகுதி இல்லாமல் கேட்டால் இந்த இடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இடம் கிடைத்துவிட்டது என்பதால் கைப்பேசி வயரை அப்படியே அங்கே சேர்த்துவிட முடியாது. கைப்பேசியின் வெளியீட்டு மின்தடை மிகக் குறைவு, சில ஓம்கள்தான். நேரடியாக இணைத்தால் அது ட்யூனரின் சிக்னலைக் கிரவுண்டுக்குப் போகும் குறுக்குவழியில் இழுத்துவிடும். கைப்பேசி செருகியிருக்கும்போது ரேடியோ கேட்காது, ட்யூனரின் வெளியீட்டுக்கும் அது நல்லதல்ல. கைப்பேசியின் சிக்னலும் சிதையலாம். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் இரண்டையும் கலக்கும் முறை ஒன்று உண்டு. அதில் ட்யூனரின் இரைச்சலும் பாட்டோடு சேர்ந்து வரும். ரேடியோவை ஏதாவது அமைதியான மூலைக்குத் திருப்பிவைத்துவிட்டுக் கேட்க வேண்டும். எனக்கு அது பிடிக்காது. ஆக்ஸ் வரும்போது ரேடியோ விலக வேண்டும். ட்யூனருக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் நிறுத்தினால் போதாதா என்றால், மின்சாரம் இல்லாத ஐசியின் வெளியீட்டுக் கால் சில சமயம் சிக்னலை உள்ளே இழுத்து வெட்டிவிடும். சிக்னல் பாதையையே மாற்றுவதுதான் சுத்தமான வழி.

இங்கே பலரும் 3.5 மில்லிமீட்டர் சுவிட்ச் ஜாக்கை எடுப்பார்கள். ஐந்து கால்கள்: கிரவுண்ட், நுனி, வளையம், பிளக் இல்லாதபோது நுனியோடும் வளையத்தோடும் ஒட்டியிருக்கும் இரண்டு தகடுகள். தகடுகளுக்கு ட்யூனரையும், நுனிக்கும் வளையத்துக்கும் செலக்டரின் ரேடியோக் கால்களையும் இணைத்தால், பிளக் போட்டவுடன் ரேடியோ தானாக விலகிவிடும். அழகான ஏற்பாடு. ஒரு வினை மட்டும் உண்டு: கைப்பேசியின் உரத்த சிக்னலைக் குறைக்க ஜாக்குக்குப் பின்னால் ரெசிஸ்டர் வைத்தால், பிளக் இல்லாதபோது அதே ரெசிஸ்டர் வழியாக ரேடியோவும் போய் அதன் ஒலியும் குறைந்துவிடும். ஆகவே இந்த ஜாக்கைப் பயன்படுத்துவதானால் சிக்னலைக் குறைக்கும் ரெசிஸ்டர்களைக் கேபிளிலேயே வைக்க வேண்டும், அல்லது கைப்பேசியின் ஒலியைக் குறைத்துவைத்தே கேட்க வேண்டும். சுவிட்ச் தகடுகள் சிக்னல் கால்களோடு ஒட்டாமல் தனியாக இயங்கும் ஜாக்குகளும் கிடைக்கின்றன; அது கிடைத்தால் சிக்கலே இல்லை. கிடைக்காவிட்டால் சாதாரண ஜாக்கும், இரண்டு வரிசையில் ஆறு கால்கள் கொண்ட ஒரு சின்ன ஸ்லைடு சுவிட்சும் போதும். ஒவ்வொரு வரிசையிலும் நடுக்கால் செலக்டருக்கு, ஒரு பக்கம் ட்யூனர், மறுபக்கம் ஆக்ஸ். கையால் தள்ள வேண்டும் என்பதைத் தவிர வேறு குறை அதில் இல்லை. நான் பெரும்பாலும் இதைத்தான் தேர்வு செய்வேன்.

ரெசிஸ்டர் அளவு: முழு ஒலியில் கைப்பேசி அரை வோல்ட் முதல் ஒரு வோல்ட் வரை தரும், பெட்டிக்கு வேண்டியது நூறு மில்லிவோல்ட் சுற்றி. ஒவ்வொரு சானலிலும் ஜாக்கிலிருந்து 10 கிலோ ஓம் தொடராக, அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 4.7 கிலோ ஓம். இது சிக்னலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக்கும், அதாவது 10 டெசிபெல் குறைப்பு. இன்னும் உரக்க இருந்தால் 4.7-ஐ எடுத்துவிட்டு 2.2 கிலோ ஓம் வையுங்கள். குறைப்பு 15 டெசிபெல் ஆகும். ரேடியோவிலிருந்து ஆக்ஸுக்கு மாறும்போது குமிழைத் தொட வேண்டிய தேவை இல்லாத அளவே சரியான அளவு. அந்தச் சந்திப்பிலிருந்து ஸ்லைடு சுவிட்சுக்கு 1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் வழியாகப் போங்கள். டிசி கைப்பேசிப் பக்கம் வராமல் அது தடுக்கும். 20 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலோடு சேர்த்துக் கணக்கிட்டால் 1 மைக்ரோ ஃபாரட் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வெட்டத் தொடங்கும். கையில் இருக்கிறது என்பதற்காக 0.1 போட்டால் அந்த எல்லை 70 ஹெர்ட்ஸுக்கு ஏறி, ஏற்கெனவே மெலிந்த பேஸ் இன்னும் மெலியும். ஃபிலிம் வகை என்றால் திசைக் கவலை இல்லை. எலக்ட்ரோலிடிக் என்றால் டிசி அதிகமுள்ள பக்கம் நேர்முனை.

போர்டில் பாதையைத் துண்டிக்கும்போது செம்புக் கோட்டைக் கத்தியால் அறுக்க அவசரப்பட வேண்டாம். ட்யூனருக்கும் ரேடியோக் காலுக்கும் நடுவே இருக்கும் அந்தக் கெபாசிட்டர் அல்லது ரெசிஸ்டரின் செலக்டர் பக்கத்துக் காலை மட்டும் சாலிடர் உறிஞ்சி மேலே தூக்குங்கள். தூக்கிய கால் ட்யூனர் முனை. அது விட்டுப்போன துளை செலக்டர் முனை. இரண்டிலும் வயர் வைத்து ஸ்லைடு சுவிட்சுக்குக் கொண்டுபோனால் வேலை முடிந்தது. நாளைக்கு யாராவது பெட்டியை முந்தைய நிலைக்குக் கொண்டுவர நினைத்தால் காலைத் திரும்பச் செருகினால் போதும். பழைய ஒற்றை அடுக்குப் போர்டுகளில் செம்பு எளிதில் உரிந்துவரும் என்பதால் 25 அல்லது 30 வாட் சாலிடரிங் அயர்ன், ஒரு புள்ளியில் இரண்டு மூன்று நொடி, அதற்கு மேல் வேண்டாம்.

வயர் இரட்டைக் கம்பி கொண்ட ஷீல்டு வயராக இருக்கட்டும். மோட்டாரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் ஒட்டாமல் இழுங்கள். ஷீல்டை வால்யூம் கண்ட்ரோலின் கிரவுண்ட் காலிலோ செலக்டருக்கு அருகிலுள்ள ஆடியோ கிரவுண்டிலோ ஒரே இடத்தில் இணையுங்கள். ஸ்பீக்கரின் கறுப்பு வயரைக் கிரவுண்ட் என்று எண்ணிவிடக்கூடாது. பிரிட்ஜ் முறையில் இயங்கும் பவர் ஐசிகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலுமே மின்னழுத்தம் இருக்கும்.

ஜாக்கை எங்கே பொருத்துவது என்பதில் என் கருத்து திட்டவட்டமானது: புதிதாகத் துளையிடுவதற்கு முன், இருக்கும் துளை ஏதாவது பயன்படுகிறதா என்று பாருங்கள். யாரும் தொடாத வெளி மைக் துளையின் ஜாக்கை எடுத்துவிட்டு அங்கேயே ஸ்டீரியோ ஜாக் வைக்கலாம். ஆனால் பழைய மைக் ஜாக்கின் சுவிட்ச் தகடுகள் வழியாகத்தான் உள் மைக் இயங்கும். அந்த இணைப்புகளைப் போர்டில் சேர்த்துவிட வேண்டும், இல்லையேல் உள் மைக் ஊமையாகிவிடும். துளையிட்டே ஆக வேண்டும் என்றால் பேட்டரி அறையின் உள்சுவரோ பின்பக்கமோ போதும். 3 மில்லிமீட்டரில் தொடங்கிப் படிப்படியாக 6-க்கு விரியுங்கள், மெதுவான வேகத்தில், பின்னால் மரத்துண்டு கொடுத்து. நாற்பது வருடப் பிளாஸ்டிக் முன்னறிவிப்பின்றி விரிசல் விடும். சாலிடரிங் அயர்னால் சுட்டுத் துளைபோடுபவர்களிடம் எனக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

எல்லாம் இணைத்துப் பேட்டரியில் போட்டால் சுத்தமாகப் பாடும். மின்கம்பியில் போட்டு, கைப்பேசியையும் சார்ஜரில் வைத்தால் ‘ம்ம்ம்’ என்ற உறுமலோ மெல்லிய கிறீச்சலோ வரலாம். சார்ஜரைக் கழற்றியவுடன் அது நின்றால் குற்றம் உங்கள் வேலையில் இல்லை. சார்ஜர் வழியாகக் கிரவுண்டில் ஓடும் மின்னோட்டம்தான் காரணம். சார்ஜரில் வைத்துக்கொண்டேதான் கேட்பேன் என்றால் ஆடியோ தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட சிறு பெட்டி ஒன்றைக் கேபிளின் நடுவே போடுங்கள்.

புளூடூத் போர்டையே உள்ளே வைத்துவிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வைக்கலாம், அதன் வெளியீடும் இதே ஆக்ஸ் முனைக்குத்தான் வர வேண்டும். பெட்டியின் மின்சாரத்திலிருந்தே அதற்கு 5 வோல்ட் எடுத்தால், போர்டு துடித்துத் துடித்து இழுக்கும் மின்னோட்டம் ஆடியோ கிரவுண்டிலும் ஓடிப் பாட்டின் இடைவெளிகளில் பூச்சி கத்துவதுபோல் கேட்கும். பி0505எஸ் போன்ற, இரு பக்கக் கிரவுண்டுகளையும் பிரித்துவைக்கும் டிசி மாற்றியை மின்சாரப் பக்கத்தில் வைத்தால் அது அடங்கும். ஆனால் அந்த மாற்றியும் வேகமாகச் சுவிட்ச் ஆகும் ஒன்றுதான். ஏஎம் ரேடியோவின் ஃபெரைட் ஆன்டெனாவுக்கு அருகில் வைத்தால் மீடியம் வேவில் நிலையங்களுக்குப் பதிலாக அதைத்தான் கேட்பீர்கள். இவ்வளவுக்கு ஏன் என்பது என் எண்ணம். சொந்தப் பேட்டரி உள்ள சிறு புளூடூத் ரிசீவரை வெளியே ஆக்ஸ் துளையில் செருகினால் கிரவுண்ட் சிக்கல் எழாது. தொழில்நுட்பம் மாறும்போது அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒற்றை ஸ்பீக்கர் கொண்ட மோனோ செட் என்றாலும் இதே முறைதான், ஒரு சானல் வேலை மிச்சம். கைப்பேசியின் இடது, வலதுக் கம்பிகளை நேரடியாக முறுக்கி ஒன்றாக்காமல், ஒவ்வொன்றிலும் 10 கிலோ ஓம் வைத்து அதன் பிறகு சேர்த்து, அங்கிருந்து ஒரே ஒரு 4.7-ஐக் கிரவுண்டுக்குப் போடுங்கள். ஸ்டீரியோ செட்டில் இணைத்த பிறகு இரண்டு பக்கமும் ஒரே ஒலி வந்தாலோ, பாடகரின் குரல் மட்டும் மங்கி விசித்திரமாகக் கேட்டாலோ, சாலிடரைச் சந்தேகிக்கும் முன் மோனோ, ‘வைடு’ என்று எழுதிய மோடு சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். குரல் மங்குவதற்கு ஜாக்கின் கிரவுண்ட் இணைப்பு விட்டுப்போவதும் ஒரு காரணம்.

ரேடியோவின் இடத்தில் ஆக்ஸை வைத்ததில் ஒரு கூடுதல் வசதியும் கிடைக்கிறது. பெரும்பாலான பெட்டிகள் ரேடியோவிலிருந்து கேசட்டில் பதிவு செய்யும் பாதையை இந்த இடத்தை ஒட்டியே எடுக்கின்றன. ரேடியோ நிலையில் வைத்து, ஸ்லைடு சுவிட்சை ஆக்ஸுக்குத் தள்ளிப் பதிவுப் பொத்தானை அழுத்தினால் கைப்பேசியின் பாட்டு டேப்பில் ஏறும். தானியங்கி அளவுக் கட்டுப்பாடு உள்ள பெட்டியில் கைப்பேசியை முழு ஒலியில் வைக்க வேண்டாம். முக்கால் அளவு போதும், இல்லாவிட்டால் அமைதியான இடங்களில் பின்னணி இரைச்சல் மேலெழும்பித் தெரியும். ஸ்பீக்கரில் பாட்டு வந்தும் டேப்பில் பதியவில்லை என்றால், பதிவுக்கான கிளை நீங்கள் இணைத்த இடத்துக்கு முன்பே, ட்யூனர் பக்கத்தில் பிரிகிறது என்று பொருள். தூக்கிய காலுக்குப் பதிலாக அந்தக் கிளைக்கும் டீ எம்ஃபசிஸ் கெபாசிட்டருக்கும் இடையே உள்ள அடுத்த பாகத்தின் காலைத் தூக்கி, இணைப்பை அங்கே நகர்த்துங்கள்.